எங்கள் ஊருக்கு மினி பஸ் வருமா? புரோக்கருக்குப் பணம் கொடுக்கும் முன் படியுங்கள்

கேள்வி: ராமநாதபுரம் மாவட்டம் கடலாடி வட்டத்தில் உள்ள சிற்றூர் எங்களுடையது. 70 வீடுகள். டவுன் பஸ் வரும் மெயின் ரோட்டுக்குக் கண்மாய்க் கரை வழியாக 4 கிலோமீட்டர் நடக்க வேண்டும். 'ஊர் பெயரில் மினி பஸ் பர்மிட் வாங்கித் தருகிறேன்' என்று ஒருவர் 60,000 ரூபாய் கேட்கிறார். 10,000 முன்பணம் கொடுத்துவிட்டோம். எங்கள் ஊர்ப் பையன் ஒருவன் பழைய வேன் வாங்கி, ஆளுக்கு 20 ரூபாய்க்கு ஓட்டுகிறேன் என்கிறான். நாங்கள் எதைச் செய்வது? (மகளிர் குழு உறுப்பினர்)

பதில்: முதலில், மீதி 50,000 ரூபாயைக் கொடுக்காதீர்கள்.

'ஊர் பெயரில் பர்மிட்' என்று எதுவும் இல்லை. மினி பஸ் பர்மிட், பஸ்ஸை வாங்கி ஓட்டப்போகிறவர் பெயரில்தான் வரும். அதைக் கொடுக்கும் அதிகாரம் வட்டாரப் போக்குவரத்து ஆணையம் என்ற முறையில் மாவட்ட ஆட்சியருக்கு. ஒரே தடத்துக்கு இரண்டு மூன்று பேர் விண்ணப்பித்தால் குலுக்கல் போட்டு முடிவு செய்கிறார்கள். குலுக்கலில் யாருக்கு விழும் என்று இந்தப் புரோக்கருக்கு எப்படித் தெரியும்? அரசுக்குக் கட்ட வேண்டிய கட்டணத்துக்கு ரசீது உண்டு. ரசீது இல்லாமல் கேட்கும் பணம் முழுக்க அவர் பைக்குத்தான் போகிறது.

இதில் வழக்கமாக நடப்பதைச் சொல்கிறேன். ஊரில் வசூல் செய்வார்கள். ஏற்கெனவே பஸ் வைத்திருக்கும் யாரையாவது பிடித்து அவர் பெயரில் விண்ணப்பம் போடுவார்கள். பர்மிட் கிடைத்தால் சில மாதம் பஸ் உங்கள் ஊர் வரைக்கும் வரும். அப்புறம் 'கலெக்‌ஷன் இல்லை, ரோடு சரியில்லை' என்று மெயின் ரோட்டோடு திரும்பிவிடும். நீங்கள் போய்க் கேட்டால், பர்மிட் வைத்திருப்பவருக்கு உங்களை யாரென்றே தெரியாது. பர்மிட்டை வாங்கி இன்னொருவருக்குக் குத்தகைக்கு விடுகிறவர்களும் இருக்கிறார்கள். ஆணையத்தின் அனுமதி இல்லாமல் பர்மிட்டைக் கைமாற்றக் கூடாது என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 82ஆம் பிரிவு சொல்கிறது. அதை யார் போய்ச் சரிபார்க்கிறார்கள் என்பதுதான் என் கோபம்.

புரோக்கர் உங்களிடம் சொல்லாத கணக்கு ஒன்று இருக்கிறது. 2025 ஜூனில் நடைமுறைக்கு வந்த புதிய விரிவான மினி பஸ் திட்டத்தில் ஒரு தடம் அதிகபட்சம் 25 கிலோமீட்டர் இருக்கலாம். அதில் குறைந்தது 65 சதவீதம் பஸ் ஓடாத பாதையாக இருக்க வேண்டும். உங்கள் ஊரில் பஸ் ஓடாத பாதை 4 கிலோமீட்டர். அதை மட்டும் வைத்துத் தடம் போட்டால் மொத்தமே 6 கிலோமீட்டர் சொச்சம்தான் வரும். அந்த நீளத்தில் எந்த பஸ்காரருக்கும் டீசல் காசு கூட மிஞ்சாது. 25 கிலோமீட்டர் தடம் வேண்டுமென்றால் பஸ் இல்லாத பாதை 16 கிலோமீட்டருக்கு மேல் வேண்டும். அதாவது உங்களைப் போல பஸ் இல்லாத மூன்று நான்கு ஊர்களைக் கோத்துத்தான் ஒரு தடம் உருவாகும். பக்கத்து ஊராட்சிகளுடன் பேசி, எந்த ஊரிலிருந்து எந்த ஊர் எத்தனை கிலோமீட்டர் என்று ஒரு கைவரைபடம் போட்டு, ஆட்சியரிடம் நீங்களே தடத்தைப் பரிந்துரைக்கலாம். ஒரு பைசா செலவில்லை.

சரி, மினி பஸ்தான் உங்களுக்கு முதல் வழியா? நான் அப்படி நினைக்கவில்லை. 2021 மே மாதத்திலிருந்து அரசு டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. மினி பஸ் தனியாருடையது, நீங்கள் டிக்கெட் எடுக்க வேண்டும். வேலைக்கும் ஆஸ்பத்திரிக்கும் போகிறவர்களில் பாதிக்கு மேல் பெண்கள் இருக்கும் ஊரில் இது சின்ன விஷயம் இல்லை. அதனால் மெயின் ரோட்டில் இப்போது ஓடும் டவுன் பஸ்ஸை உங்கள் ஊர் வரை நீட்டிக்கக் கேளுங்கள்.

கேட்கும் விதத்தில்தான் எல்லாம் இருக்கிறது. 'எங்கள் ஊருக்கு பஸ் வசதி வேண்டும்' என்ற மனு ஆட்சியர் அலுவலகத்தில் கட்டுக்கட்டாகக் கிடக்கிறது. புது பஸ் என்றால் ஒரு வண்டி, டிரைவர், கண்டக்டர் எல்லாம் புதிதாக வேண்டும். டிப்போவில் ஆளே இல்லை என்று முடித்துவிடுவார்கள். நீங்கள் எழுத வேண்டியது இப்படி: 'இன்ன தட எண்ணுள்ள பஸ்ஸின் காலை நடையையும் மாலை நடையையும் எங்கள் ஊர் வரை 4 கிலோமீட்டர் நீட்டிக்க வேண்டும். ஒரு நடைக்குக் கூடுதலாக ஓடுவது போக வர 8 கிலோமீட்டர் மட்டுமே.' இதோடு இரண்டு வாரக் கணக்கு ஒன்றை இணையுங்கள். தினமும் காலையில் ஊரை விட்டு வெளியே போனவர்கள் எத்தனை பேர், அதில் பள்ளிப் பிள்ளைகள் எத்தனை, வேலைக்குப் போனவர்கள் எத்தனை, ஆஸ்பத்திரிக்குப் போனவர்கள் எத்தனை. நோட்டில் கோடு போட்டு எழுதினால் போதும். அரசுப் போக்குவரத்துக் கழகத்தின் கும்பகோணம் கோட்டத்தில் உள்ள காரைக்குடி மண்டல அலுவலகத்துக்கு ஒரு பிரதி, உங்கள் தடத்தை ஓட்டும் டிப்போவுக்கு ஒரு பிரதி, திங்கட்கிழமை குறைதீர் நாளில் ஆட்சியருக்கு ஒரு பிரதி. மனு எண் போட்ட ரசீது வாங்காமல் வெளியே வராதீர்கள்.

'ரோடு சரியில்லை' என்று பதில் வரும். அதை முன்கூட்டியே அடைத்துவிடுங்கள். கண்மாய்க் கரை ரோட்டில் இரண்டு பக்கமும் சீமைக் கருவேலம் வளைந்து நின்றால் பஸ் கண்ணாடி உடைகிறது, ஜன்னலோரம் இருப்பவர் கையில் முள் கிழிக்கிறது. டிரைவர்கள் மறுப்பதில் நியாயம் இருக்கிறது. கிளைகளை வெட்டவும், ஊர்க்கோடியில் பஸ் திரும்ப இடம் ஒதுக்கவும் கிராம சபையில் தீர்மானம் போடுங்கள். ஆண்டுக்கு ஆறு கிராம சபை நடக்கிறது, தீர்மான நகலையும் மனுவோடு வையுங்கள்.

ரோடு போடுவதைப் பற்றி ஒன்று சொல்லியே ஆக வேண்டும். பிரதமர் கிராமச் சாலைத் திட்டம் சமவெளியில் 500 பேருக்கு மேல் உள்ள குடியிருப்புகளுக்குத்தான். மலை, பழங்குடி, பாலைவனப் பகுதிகளுக்கு 250 பேர் போதும். ராமநாதபுரம் வறட்சி மாவட்டம், ஆனால் அரசின் பாலைவனப் பட்டியலில் இல்லை. மழைக்கு ஏங்கி மிளகாயும் கரிமூட்டமும் வைத்துப் பிழைக்கிற ஊரைத் தஞ்சாவூர் வயல்வெளி ஊரோடு சேர்த்து எண்ணுகிறார்கள். 70 வீடு என்றால் உங்களுக்கு 500 பேர் தேற மாட்டார்கள். எனவே அந்தத் திட்டத்தைக் காட்டி யாராவது வாக்குக் கொடுத்தால் நம்பி உட்கார்ந்திருக்காதீர்கள். ஊராட்சி ஒன்றியத்தைப் பிடியுங்கள்.

இனி அந்தப் பையனின் வேன். அவன் நல்ல மனதோடுதான் சொல்கிறான். ஆனால் சொந்த உபயோகத்துக்குப் பதிவான வெள்ளை போர்டு வண்டியில் காசு வாங்கி ஆள் ஏற்றினால் அது பர்மிட் இல்லாத வண்டி. மோட்டார் வாகனச் சட்டத்தின் 192ஏ பிரிவில் 10,000 ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை சிறையும் உண்டு. அபராதத்தை விடப் பெரிய ஆபத்து இன்சூரன்ஸ். விபத்து நடந்தால் 'வாடகைக்கு ஓட்டினார்' என்று நிறுவனம் கையை விரிக்கும், செத்தவர் குடும்பம் வருடக்கணக்கில் கோர்ட்டுக்கு அலையும். குட்டி யானையில் ஆள் ஏற்றுவது அதைவிட மோசம். சரக்கு வண்டியில் சும்மா ஏறி வரும் பயணிக்கு இன்சூரன்ஸ் நிறுவனம் பொறுப்பில்லை என்று 2002இலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. சந்தை நாளில் பெண்களை அடைத்துக்கொண்டு போகும் அந்த வண்டிகளைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வயிறு கலங்குகிறது.

சட்டப்படி செய்ய வழி இருக்கிறது. மஞ்சள் போர்டு மேக்சி கேப், 12 பயணிகள் வரை. அதை ஒப்பந்த வாகனமாக அமர்த்துங்கள். மகளிர் குழு ஒரு தரப்பு, வண்டிக்காரர் ஒரு தரப்பு. வாரத்தில் எந்த நாள், எங்கிருந்து எங்கே, மாதம் எவ்வளவு, யார் யார் பயணிகள் என்று எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். பணத்தை உங்களுக்குள் பிரித்துக்கொள்வது உங்கள் கணக்கு. வழியில் நின்று நின்று கை காட்டுகிறவர்களை ஏற்றினால்தான் சிக்கல். பர்மிட், எஃப்.சி. (வண்டியின் தகுதிச் சான்று), இன்சூரன்ஸ் மூன்றின் தேதியையும் நீங்களே கண்ணால் பாருங்கள்.

ஒரு விதிவிலக்கை மட்டும் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் இது தெரியாமல் ராத்திரியில் வண்டி எடுக்க ஊரில் பயப்படுகிறார்கள். உடம்புக்கு முடியாதவரையோ காயம்பட்டவரையோ அவசரமாகக் கொண்டு போனால் 192ஏ தண்டனை பொருந்தாது. எந்த வண்டியானாலும் சரி, பர்மிட் இல்லாவிட்டாலும் சரி. பிரசவ வலி வந்த பெண், பாம்பு கடித்தவர், நெஞ்சுவலிக்காரர் என்றால் 108க்கு போன் போடுங்கள், அது வரத் தாமதமானால் இருக்கிற வண்டியில் ஏற்றிக்கொண்டு கிளம்புங்கள். ஆனால் சட்டம் ஒரு நிபந்தனை வைக்கிறது: ஏழு நாளுக்குள் வட்டாரப் போக்குவரத்து ஆணையத்துக்குத் தெரிவிக்க வேண்டும். ஒரு வெள்ளைத்தாள் போதும். வண்டி எண், தேதி, நேரம், யாரை, எங்கிருந்து எந்த ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம் என்று எழுதி, ஆஸ்பத்திரிச் சீட்டின் நகலோடு ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கொடுத்து முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். மாதாந்திர பரிசோதனைக்குப் போவது அவசரம் ஆகாது. நோயாளியை இறக்கிவிட்டுத் திரும்பும்போது காசு வாங்கி நாலு பேரை ஏற்றி வந்தால் அந்தத் திரும்பும் பயணத்துக்கு இந்தப் பாதுகாப்பு கிடையாது. இது காப்பாற்றுவது அபராதத்திலிருந்து மட்டும்தான், இன்சூரன்ஸ் சிக்கல் அப்படியே இருக்கும்.

எட்டாம் வகுப்பு வரை படிக்கும் பிள்ளைகளுக்குப் பஸ்ஸுக்காகக் காத்திருக்க வேண்டாம். பள்ளி தூரமாக உள்ள குடியிருப்புகளின் பிள்ளைகளை அழைத்து வர ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தில் போக்குவரத்துப் பணம் இருக்கிறது. தலைமையாசிரியரிடமும் பள்ளி மேலாண்மைக் குழுவிலும் பெயர்ப் பட்டியலை எழுதிக் கொடுங்கள்.

கொடுத்த 10,000 ரூபாய்க்கு வருகிறேன். எதற்காக, எந்தத் தேதியில் வாங்கினார் என்று அவர் கையால் எழுதி வாங்குங்கள். போனில் அனுப்பியிருந்தால் அந்தப் பதிவை அழிக்க வேண்டாம். திருப்பித் தர மறுத்தால் காவல் நிலையத்தில் மோசடிப் புகார் கொடுத்து ரசீது வாங்குங்கள். 'அதிகாரிக்குக் கொடுக்கத்தான் கேட்டேன்' என்று அவர் சொன்னால், அந்த வார்த்தையோடு நேராக லஞ்ச ஒழிப்புத் துறைக்குப் போங்கள்.