காரணம் என்றொரு கட்டம்

அன்புள்ள ஐயா,

நானும் இரண்டு நண்பர்களும் நான்கு ஆண்டுகளாக, மின்கம்பி எட்டாத ஊர்களில் சூரிய விளக்குகளைத் தவணைக்கு விற்று வருகிறோம். தவணை தவறினால் 15 நாள் கழித்து விளக்கு தானாகவே பூட்டிக்கொள்ளும். பணம் கட்டியதும் திறக்கும். இப்போது லாபத்தோடு சமூகப் பயனையும் தேடும் ஒரு வெளிநாட்டு இம்பேக்ட் முதலீட்டு நிதியம் எங்கள் நிறுவனத்தில் 30 சதவீதப் பங்கை வாங்க முன்வந்துள்ளது. ஒப்பந்த வரைவு நியாயமாகவே இருக்கிறது. பூட்டும் காலத்தை 3 நாளாகக் குறைப்பது போன்ற சில சிறிய நிர்வாக மாற்றங்களை மட்டும் கேட்கிறார்கள்.

என் கேள்விகள் வேறு. ஏழைகளிடம் லாபம் ஈட்டுவது அறமா? இலவசமாகக் கொடுத்தால் மக்கள் மதிக்க மாட்டார்கள், அதனால்தான் விற்கிறோம் என்று சொல்லி வருகிறேன், அது சரிதானா? எங்கள் பணியின் சமூகப் பயனை எப்படி அளப்பது?

ம.

அன்புள்ள ம.,

வழக்கமாக இத்தகைய கடிதங்களுக்கு நான் பொதுவில் பதில் எழுதுவதில்லை. ஆனால் பழைய பேரேடு ஒன்றின் நினைவு சில மாதங்களாக என்னை விடாமல் தொந்தரவு செய்துகொண்டிருந்தது. உங்கள் கடிதத்தில் நீங்கள் போகிற போக்கில் எழுதிய ஒரு வரி என்னை நேராக அந்தப் பேரேட்டின் முன் கொண்டுபோய் உட்கார வைத்துவிட்டது.

லாபம் அறமா என்ற கேள்வியில் எனக்கு ஆர்வமில்லை. நான்கு ஆண்டுகளாக விற்கிறீர்கள், விளக்குகள் எரிகின்றன, பழுதானால் போய்ச் சரிசெய்கிறீர்கள். அந்தக் கேள்வியைத் தாண்டி எப்போதோ வந்துவிட்டீர்கள்.

இலவசத்தை மக்கள் மதிப்பதில்லை என்ற வாக்கியத்தை மட்டும் இனி யாரிடமும் சொல்லாதீர்கள். கென்யாவின் மகப்பேறு மருத்துவ மையங்களில் கொசுவலையைச் சிலருக்கு இலவசமாகவும் சிலருக்கு வெவ்வேறு விலைகளுக்கும் கொடுத்துப் பார்த்த ஆய்வு 2010-இல் வெளிவந்தது. இலவசமாகப் பெற்ற பெண்கள், விலை கொடுத்து வாங்கியவர்களைவிடக் குறைவாக வலையைப் பயன்படுத்தினார்கள் என்பதற்கு அதில் எந்தச் சான்றும் கிடைக்கவில்லை. ஆனால் 40 ஷில்லிங் விலை வைத்தபோது, வலையைப் பெற்றவர்களின் விகிதம் 60 சதவீதப் புள்ளிகள் சரிந்தது. விற்பதற்கு உங்களிடம் நேர்மையான காரணம் இருக்கிறது: பழுது பார்ப்பவருக்கு மாதாமாதம் சம்பளம் தர வேண்டும். அதைச் சொல்லுங்கள். வாங்குகிறவரின் குணத்தைக் காரணமாக்காதீர்கள்.

இனி, நீங்கள் கேட்காத விஷயத்துக்கு வருகிறேன். 15 நாளை 3 நாளாக்குவதை 'சிறிய நிர்வாக மாற்றம்' என்று எழுத உங்களுக்கு எப்படி மனம் வந்தது? நான் பூட்டுக்கு எதிரானவன் அல்லன். கென்யாவில் 2007-இல் எம்-பெசா என்ற கைபேசிப் பணச் சேவை வந்து, சிறு தொகைகளைக் கைபேசி வழியே கட்ட முடிந்த பிறகுதான் இந்தத் தொழில்முறை வேரூன்றியது. 2011-இல் அங்கே தொடங்கிய எம்-கோபா என்ற சூரிய விளக்கு நிறுவனம் அதைப் பெரிய அளவில் செய்து காட்டியது. அடமானம் வைக்க எதுவும் இல்லாதவருக்கு ஒரு பொருளை நம்பிக் கொடுக்க அந்தப் பூட்டு உதவுகிறது. ஆனால் எத்தனை நாள் பொறுப்பது என்பதில்தான் உங்கள் நிறுவனத்தின் குணம் முழுவதும் இருக்கிறது. அறுவடைக்கும் சந்தைக்கும் நடுவே, நோய்க்கும் கூலிக்கும் நடுவே கையில் காசில்லாத நாட்கள் வருகிற ஒரு வீட்டில், 15 நாள் என்பது அந்த இடைவெளியைக் கடக்கப் போதுமான காலம். 3 நாளில் எந்த இடைவெளியையும் கடக்க முடியாது.

அவர்கள் ஏன் அதைக் கேட்கிறார்கள் என்பதையும் புரிந்துகொள்ளுங்கள். அவர்கள் கொடியவர்கள் அல்லர். இத்தகைய நிதியங்கள் பெரும்பாலும் 10 ஆண்டு ஆயுளுடன் அமைக்கப்படுகின்றன. முதல் நான்கைந்து ஆண்டுகளில் முதலீடு செய்துவிட்டு, எஞ்சிய ஆண்டுகளில் பங்குகளை விற்று, பணம் தந்தவர்களுக்குத் திருப்பித் தந்தாக வேண்டும். அப்படியானால் உங்களிடம் பங்கு வாங்குகிற நாளிலேயே, அதை அடுத்து வாங்கப்போகிறவர் மேசைக்கு அந்தப் பக்கம் கண்ணுக்குத் தெரியாமல் அமர்ந்திருக்கிறார். அவர் உங்கள் ஊர்களுக்கு வரமாட்டார். 30 நாளுக்கு மேல் நிலுவையில் நிற்கும் தொகை எத்தனை சதவீதம் என்று பார்ப்பார். சீக்கிரம் பூட்டினால் அந்தச் சதவீதம் சீக்கிரம் குறையும் என்று நிதியம் கணக்குப் போடுகிறது. 2007-இல் இத்தாலியின் பெல்லாஜியோவில் ராக்ஃபெல்லர் அறக்கட்டளை கூட்டிய கூட்டத்தில் பெயர் சூட்டப்பட்ட இந்த வகை முதலீடு, 2024-ஆம் ஆண்டுக் கணிப்பின்படி உலகெங்கும் ஒன்றரை லட்சம் கோடி டாலரைத் தாண்டிவிட்டது. அவ்வளவு பெரிய பணத்தின் நாட்காட்டியும், தவணை கட்டும் வீட்டின் நாட்காட்டியும் தாமாக ஒத்துப்போகும் என்று எதிர்பார்க்காதீர்கள்.

எனக்கு இது எப்படித் தெரியும் என்று சொல்ல வேண்டும். இளமையில் ஆறு ஆண்டுகள் ஒரு நுண்கடன் நிறுவனத்தில் கணக்கு எழுதினேன். அங்கே நிலுவைப் பேரேட்டில் பெயர், தொகை, தேதி ஆகியவற்றுக்கு அடுத்து 'காரணம்' என்றொரு கட்டம் இருந்தது. களப்பணியாளர்கள் அதில் தங்கள் கையெழுத்தில் எழுதுவார்கள்: 'குழந்தைக்குக் காய்ச்சல்', 'கூலி வரவில்லை', 'ஆடு இறந்துவிட்டது'. திங்கட்கிழமைக் கூட்டத்தில் அவை உரக்க வாசிக்கப்படும். யாருக்கு எத்தனை வாரம் விடலாம் என்று அங்கேயே முடிவெடுப்போம். பிறகு முதலீட்டாளர் வந்தார், கூடவே புதிய மென்பொருளும் வந்தது. அதில் அந்தக் கட்டத்துக்கு இடமில்லை. புதிய படிவத்தைத் தட்டச்சு செய்தவன் நான். அது விடுபட்டதை நான் கவனித்தேன். ஆனால் ஒரு சொல்லும் சொல்லவில்லை. சில மாதங்களில் கூட்டத்தின் பேச்சு மாறியது. 'அவர் ஏன் கட்டவில்லை' என்று கேட்டுக்கொண்டிருந்தவர்கள் 'எத்தனை நாளாக நிற்கிறது' என்று மட்டும் கேட்கத் தொடங்கினார்கள். களப்பணியாளர்களில் மிகவும் கனிவான பெண் ஒருவர் வேலையை விட்டுப் போனார். போகும்போது, அந்தக் கட்டத்தையாவது வைத்திருக்கலாமே என்று என்னிடம்தான் சொல்லிவிட்டுப் போனார்.

இது ஒரு சிறு அலுவலகத்தின் கதை மட்டும் என்று நினைத்துவிடாதீர்கள். மெக்சிகோவின் கொம்பார்த்தமோஸ் என்ற நுண்கடன் வங்கி 1990-இல் தொண்டு அமைப்பாகத் தொடங்கியது. 2007 ஏப்ரலில் அதன் பழைய உரிமையாளர்கள் தங்கள் பங்குகளில் 30 சதவீதத்தைப் பொதுச்சந்தையில் விற்று 40 கோடி டாலருக்கு மேல் பெற்றார்கள். அந்தப் பணத்தில் ஒரு டாலரும் வங்கிக்குள் போகவில்லை, ஏனென்றால் புதிய பங்கு எதுவும் வெளியிடப்படவில்லை. விற்றவர்களில் லாப நோக்கமற்ற அமைப்புகளும் இருந்தன. கடன் வாங்கிய பெண்கள் அன்று கட்டிக்கொண்டிருந்த ஆண்டு வட்டி, வரியையும் சேர்த்தால், ஏறத்தாழ 100 சதவீதம். கிராமீன் வங்கியை நிறுவிய முகமது யூனுஸ் அதை வெளிப்படையாகக் கண்டித்தார். அவர் முன்வைத்த சமூக வணிகத்தில் முதலீட்டாளர் போட்ட முதலை மட்டும் திரும்பப் பெறலாம். லாபப் பங்கு கிடையாது. எல்லோருக்கும் அது பொருந்தும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் 1976-இல் 11 படுக்கைகளுடன் தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனையை நினைத்துப் பாருங்கள்: பணம் கட்டும் நோயாளிகளின் வருவாயைக் கொண்டு கட்ட முடியாதவர்களுக்கும் அறுவை செய்யும் முறையை அது பல பத்தாண்டுகள் காத்துவந்திருக்கிறது. அது அறக்கட்டளை, அதன் பங்கை வாங்கி விற்க ஒருவராலும் முடியாது. அந்த முறை நிலைத்ததில் இதற்குப் பெரும் பங்குண்டு என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

ஆகவே ஒப்பந்தத்தில் கையெழுத்திடுவதற்கு முன் அவர்களிடம் கேளுங்கள்: இது உங்கள் நிதியத்தின் எத்தனையாவது ஆண்டு? ஆறாவது ஆண்டு என்றால், உங்களுக்கு நான்கு ஆண்டுகள்தான் இருக்கின்றன. பங்குக்குப் பதிலாக, விற்பனை வருவாயில் ஒரு பகுதியை முன்கூட்டியே முடிவு செய்த உச்சவரம்பு வரை கட்டித் தீர்க்கும் கடனாகத் தர முடியுமா என்று கேளுங்கள். அது டாலர் கடனாக இருந்தால், நாணய மதிப்பு சரியும்போது வரும் இழப்பை யார் ஏற்பது என்பதையும் எழுத்தில் வாங்குங்கள். நீங்கள் வசூலிப்பது டாலரில் அல்லவே. பங்குதான் வேண்டும் என்று நின்றால், 15 நாள் என்பதை நிறுவனத்தின் அமைப்பு விதிகளில் சேர்த்து, நிறுவனர்கள் மூவரும் எழுத்தில் இசைந்தாலொழிய அதை மாற்ற முடியாதபடி செய்யுங்கள். அடுத்து வாங்குகிறவரையும் அது கட்டுப்படுத்தும்.

சமூகப் பயனை அளப்பது பற்றிக் கேட்டிருந்தீர்கள். எத்தனை விளக்குகள் விற்றீர்கள் என்ற கணக்கு உங்களிடம் இருக்கும். பூட்டப்பட்ட விளக்குகளின் பட்டியலை எடுங்கள்; அதில் 'காரணம்' என்றொரு கட்டம் சேருங்கள்; ஆறு மாதம் உங்கள் ஆட்கள் அதைத் தங்கள் சொந்தச் சொற்களில் நிரப்பட்டும். பிறகு அந்தப் பட்டியலோடு எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்.