ஆக்சிலேட்டர் தானாகத் திரும்பவில்லையா? கைப்பிடியிலிருந்து பாருங்கள்

கேள்வி: தாராபுரம் பக்கம் தோட்டத்தில் இருக்கிறோம்ங்க. அப்பா வாங்கிய 1992 மாடல் யமஹா ஆர்எக்ஸ் 100 பைக் இன்னும் ஓட்டத்தில் இருக்கிறது. கொஞ்ச நாளாக ஆக்சிலேட்டரை விட்டாலும் ரேஸ் சட்டென்று இறங்குவதில்லை. ஹேண்டிலை இடது பக்கம் ஒடித்தால் ரேஸ் தானாக ஏறுகிறது. கேபிளில் தேங்காய் எண்ணெய் விட்டுப் பார்த்தேன். காலை நேரத்தில் இன்னும் இறுக்கம்தான். மெக்கானிக் கார்புரேட்டரையே மாற்றச் சொல்கிறார். மாற்றிவிடலாமா?

பதில்: இப்போதைக்கு வேண்டாம்ங்க. ஹேண்டிலை ஒடித்தால் ரேஸ் ஏறுகிறது என்கிறீர்களே, அதுவே போதும். ஹேண்டிலோடு கார்புரேட்டர் அசைவதில்லை, கேபிள்தான் இழுபடுகிறது. கேபிளில் தளர்வு இல்லை, அல்லது டேங்குக்கும் சேஸிக்கும் நடுவே நசுங்கிக் கிடக்கிறது. சமீபத்தில் டேங்கைக் கழற்றி மாட்டியிருந்தால் முதலில் அந்த இடத்தைப் பாருங்கள். எது எப்படியோ, சரியாகும் வரை வண்டியை ரோட்டில் எடுக்காதீர்கள். ஓட்டும்போது ஆக்சிலேட்டர் மாட்டிக்கொண்டால் கிளட்சைப் பிடித்து, சாவியைத் திருப்பி அணைத்துவிட்டு ஓரங்கட்ட வேண்டும். வீட்டில் வேறு யார் அந்த வண்டியை எடுத்தாலும் அவர்களுக்கும் இதைச் சொல்லி வையுங்கள்.

தேங்காய் எண்ணெய் வேண்டவே வேண்டாம். ஏறக்குறைய 24 டிகிரிக்குக் கீழே அது உறைந்துவிடும். மார்கழிக் காலையில் பாட்டிலில் கட்டியாக நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். கேபிளுக்குள்ளும் அதேதான் நடக்கிறது. கிரீஸும் சரிப்படாது. ஆடிக் காற்றில் நம் பக்கம் பறக்கிற மண்ணெல்லாம் அதில் ஒட்டி அரைத்துவிடும். தையல் மெஷினுக்கு விடுகிற மெல்லிய எண்ணெய் போதும். திருப்பூருக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு அதற்கா பஞ்சம்? உள்ளே நைலான் குழாய் வைத்த கேபிளாக இருந்தால் அந்த எண்ணெயும் தேவையில்லை.

அடுத்து, எங்கே பிடிக்கிறது என்று பிரித்துப் பார்க்க வேண்டும். பெட்ரோலை மூடிவிட்டு, கார்புரேட்டரின் மேல்மூடியைத் திருகி ஸ்லைடோடு வெளியே எடுங்கள். கேபிள் இழுக்க இழுக்க மேலேறி, காற்று வழியைத் திறக்கிற உருளைதான் ஸ்லைடு. ஸ்லைடிலிருந்து கேபிளைக் கழற்றி, வெறும் கைப்பிடியை முறுக்கிப் பாருங்கள். இறுக்கம் அப்படியே இருந்தால் கோளாறு மேலே இருக்கிறது. இனிக் கைப்பிடிப் பக்கமும் கேபிளைக் கழற்றிவிட்டு, உள்கம்பியைக் கையால் இழுத்துப் பாருங்கள். சொரசொரப்பாக வந்தாலோ, கம்பி முனையில் இருக்கிற உலோகக் குண்டுக்குப் பக்கத்தில் ஓர் இழை அறுந்து நீட்டிக்கொண்டிருந்தாலோ எண்ணெய் விட்டுப் பயனில்லை, புதுக் கேபிள்தான். ஈயம் பற்றவைத்து ஒட்டுப்போட்ட முனையோ, ஸ்க்ரூ போட்ட முனையோ நடுவழியில் நின்ற வண்டியை வீடு சேர்க்க மட்டும் உதவும்.

கேபிள் நன்றாக இருந்தால் கைப்பிடிக்குள் இருக்கிற குழாயைப் பாருங்கள். கேபிள் சுற்றுகிற பள்ளம் தேய்ந்திருந்தால் முனை சரிந்து மாட்டும். அந்தக் குழாயும் விலை குறைந்த பொருள்தான். கிடைக்காவிட்டால் கோவையில் கணபதி, சிட்கோ பக்கம் லேத் பட்டறைகளில் பழையதை மாதிரியாகக் கொடுத்தால் நைலானில் கடைந்து தருவார்கள். ஹேண்டில் பைப்பில் துரு ஏறியிருந்தால் தேய்த்து எடுத்த பிறகுதான் புதுக்குழாயை மாட்ட வேண்டும். கைப்பிடி ரப்பரின் நுனி ஹேண்டில் முனையில் உரசினாலும் திரும்பாது. இதைப் பலர் கவனிப்பதே இல்லை.

ஸ்லைடுக்கு வருவோம். ஸ்பிரிங் இல்லாமல் அதைக் கார்புரேட்டருக்குள் விட்டால் தன் எடையிலேயே இறங்க வேண்டும். வழியில் நின்றால் அழுக்கு, அல்லது மூடியை அளவுக்கு மீறி இறுக்கி கார்புரேட்டரின் உடல் கோணியிருக்கும். இறங்குகிறது, ஆனால் விரலால் ஆட்டினால் கடகடவென்று ஆடுகிறது என்றால் அது தேய்மானம். புது ஸ்லைடு மட்டும் போட்டுப் பயனில்லை, உடலும் சேர்ந்தே தேய்ந்திருக்கும். அப்போது மட்டும் மெக்கானிக் சொன்னபடி மாற்றுங்கள்.

மாட்டும்போது ஸ்லைடின் அடியில் சாய்வாக வெட்டியிருக்கிற பக்கம் ஏர் ஃபில்டரைப் பார்த்திருக்க வேண்டும். திருப்பி மாட்டினால் ஸ்லைடு கீழே உட்காராது, உதைத்ததும் வண்டி முழு ரேஸில் அலறும். மூடிய பிறகு என்ஜினை ஓட்டாமலேயே முறுக்கி விடுங்கள், ‘டக்’ என்று ஸ்லைடு விழுகிற சத்தம் கேட்க வேண்டும். கைப்பிடி விளிம்பில் 3 முதல் 5 மில்லிமீட்டர் தளர்வு வைத்து, ஐடிலிங்கில் ஹேண்டிலை இரண்டு பக்கமும் கடைசி வரை ஒடித்துப் பாருங்கள். ரேஸ் அசையக் கூடாது.

இவ்வளவும் சரியாக இருந்து, ‘டக்’ சத்தமும் கேட்டு, அப்படியும் ரேஸ் இறங்காவிட்டால் எங்கேயோ காற்று இழுக்கிறது. கார்புரேட்டர் இணைப்பில் வெடிப்போ, கிராங்க் ஆயில் சீல் தேய்மானமோ இருக்கலாம். உங்கள் வண்டி மாதிரி டூ ஸ்ட்ரோக் என்ஜினில் அதை அப்படியே விட்டு ஓட்டினால் பிஸ்டன் பிடித்துக்கொள்ளும். அந்த வேலையை மட்டும் நீங்களே செய்யாமல் மெக்கானிக்கிடம் கொடுத்துவிடுங்கள்.