ரத்தக் குழாயை யார் கூப்பிடுகிறார்கள்?

பெங்களூர் ஆய்வகம் ஒன்றில் ரத்தக் குழாய்ச் செல்களை வளர்ப்பது என் வேலை. நம் அல்சூர் தமிழ்க் குழுவில் கண் ஊசிப் பேச்சு வந்ததிலிருந்து விஈஜிஎஃப் (புது ரத்தக் குழாயை முளைக்கவைக்கும் புரதம்) பற்றி ஆளாளுக்குக் கேட்கிறீர்கள், சரி, சொல்கிறேன்.

சுந்தர்: அக்கா, குழாய் எங்கே முளைக்கணும்னு யார் சொல்றது?

மூச்சு முட்டும் செல்தான். ஆக்சிஜன் போதுமான அளவு இருக்கும்போது ஹிஃப் என்ற புரதம் உருவாக உருவாகவே சிதைக்கப்பட்டுவிடும்; ஆக்சிஜன் குறைந்தால் அது தங்கி, விஈஜிஎஃப் மரபணுவை முடுக்கிவிடும் (2019 நோபல் இந்த ஆக்சிஜன் சங்கதிக்குத்தான்). வெளியே கசியும் விஈஜிஎஃப் பக்கத்துக் குழாயை எட்டியதும், அதன் உட்சுவரில் ஒரு செல் முன்னால் கிளம்பும், மற்றதெல்லாம் அதன் பின்னால் போகும். நம்ம ஊர் புது லேஅவுட் மாதிரிதான், வீடு முதலில், காவேரி பைப் அப்புறம்.

மேரி: விஈஜிஎஃப் குடும்பத்தில் எத்தனை பேர்?

மனிதரில் ஐந்து: ஏ, பி, சி, டி, நஞ்சுக்கொடியில் கண்டெடுத்த பிஎல்ஜிஎஃப். சியும் டியும் முக்கியமாக நிணநீர்க் குழாய்களுக்கு. ஏதான் வீட்டுக்குப் பெரியவர். அதன் மரபணுவின் இரண்டு பிரதிகளில் ஒன்று இல்லாவிட்டாலே எலிக்கரு பிழைக்காது என்று 1996-இல் தெரிந்தது.

கலா: மாமியாருக்குச் சர்க்கரை. கண்ணுக்குள்ளே ஊசி, அதுவும் திரும்பத் திரும்ப, எதுக்கு?

சர்க்கரையால் விழித்திரையின் நுண்குழாய்கள் அடைபட, பட்டினி கிடக்கும் செல்கள் விஈஜிஎஃப்-ஐக் கொட்டும். அவசரத்தில் முளைத்த குழாய் ஒழுகும், ரத்தம் கசியும். இந்தப் புரதம் முதலில் சிக்கியதே ஒழுகலால்தான்: 1983-இல் டுவோரக் குழு குழாயை ஒழுகவைக்கும் பொருளாகத்தான் இதைக் கண்டது, 1989-இல் ஃபெராரா குழு குழாய் வளர்ப்பதாகப் பிரித்தெடுத்தது, பார்த்தால் இரண்டும் ஒன்றே. ஊசி அந்தப் புரதத்தைப் பிடித்துவைக்கும், அவ்வளவுதான். மருந்து கரைந்ததும் செல் மறுபடி கூப்பிடும். நடுவில் நிறுத்தவிடாதீர்கள்.

முருகன்: அப்போ கட்டிக்கும் குழாயை அறுத்துட்டா புற்றுநோய் போயிடுமே?

1971-இல் ஃபோக்மன் என்ற அமெரிக்க மருத்துவர் சொன்னதும் கிட்டத்தட்ட இதுதான். 2004-இல் விஈஜிஎஃப்-ஐப் பிடித்துவைக்கும் பெவாசிசுமாப் என்ற மருந்து வந்தது, பெருங்குடல் புற்றுக்குக் கீமோவோடு சேர்த்துக் கொடுத்தார்கள், ஆயுள் சில மாதம் கூடியது. ஆனால் கட்டி வேறு வழி தேடிக்கொள்கிறது. பிபியும் ஏறும், காயம் ஆறத் தாமதமாகும், அதனால் ஆபரேஷனுக்குக் குறைந்தது 28 நாள் முன்னரே நிறுத்துவார்கள்.

மேரி: பிபி ஏன் ஏறணும்?

நல்ல கேள்வி. முளைத்து முடிந்த குழாய்க்கும் தளர்ந்து விரிய விஈஜிஎஃப் கொஞ்சம் தேவை. கர்ப்பத்தில் பிபி ஏறி, சிறுநீரில் புரதம் போகும் முன்சூல்வலிப்பிலும் கிட்டத்தட்ட இதே கதை: நஞ்சுக்கொடி அளவுக்கு மீறி விடும் ஒரு புரதம் தாயின் விஈஜிஎஃப்-ஐ உறிஞ்சிவிடுகிறது.