மேட்டுப்பாத்திக்கு எத்தனை மூட்டை மண்?

கேள்வி: வீட்டின் பின்புறம் இருக்கும் சிறிய இடத்தில் காய்கறி பயிரிடுவதற்காக இரண்டு மேட்டுப்பாத்திகள் அமைக்க விரும்புகிறேன். 2.4 மீட்டர் நீளமும் 1.2 மீட்டர் அகலமும் 60 சென்டிமீட்டர் உயரமும் கொண்ட தகட்டுச் சட்டங்கள் தள்ளுபடியில் கிடைக்கின்றன. ஒரு பாத்திக்கு 50 லிட்டர் மண் கலவை பத்து மூட்டை போதும் என்று விற்பனையாளர் சொல்கிறார். வாங்கலாமா?

பதில்: பத்து மூட்டை போதாது. இந்தக் கணக்கை விற்பவரிடம் விடாமல் நீங்களே ஒரு முறை போட்டுப் பார்ப்பது நல்லது. நீளம், அகலம், உயரம் மூன்றையும் மீட்டரில் பெருக்கினால் கன மீட்டர் கிடைக்கும். அதை ஆயிரத்தால் பெருக்கினால் லிட்டர். உங்கள் சட்டத்துக்கு 2.4 × 1.2 × 0.6 என்று பெருக்கினால் 1.728 கன மீட்டர், அதாவது 1,728 லிட்டர் வருகிறது. 50 லிட்டர் மூட்டையில் இது 35 மூட்டை. இரண்டு பாத்திகளுக்கும் சேர்த்து 70. இதற்கு மேல், மட்கு கலந்த எந்தக் கலவையும் தண்ணீர் ஊற்ற ஊற்றத் தாழ்ந்துகொண்டே போகும் என்பதால் 15 முதல் 20 விழுக்காடு வரை கூடுதலாகவும் வைத்துக்கொள்ள வேண்டும். விற்பனையாளர் சொன்ன பத்து மூட்டையை மட்டும் கொட்டினால் மண் 17 சென்டிமீட்டர் உயரம்தான் நிற்கும். மீதி 43 சென்டிமீட்டருக்குத் தகடு சுவராக நிற்க, நாற்றுகள் கிணற்றுக்குள் இறங்கி நிற்பதுபோல நிழலில் கிடக்கும்.

ஆகவே சட்டத்தின் தள்ளுபடியைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். மேட்டுப்பாத்தியில் சட்டம் ஒரு முறைச் செலவு. பெருஞ்செலவு உள்ளே போகும் மண்ணில்தான் இருக்கிறது. சட்டத்தின் உயரம் கூடக்கூட அந்தச் செலவும் அதே விகிதத்தில் கூடும். 30 சென்டிமீட்டர் உயரமுள்ள சட்டம் வாங்கினால் 864 லிட்டரில் முடிந்துவிடும் வேலை, 60 சென்டிமீட்டரில் இரட்டிப்பாகிறது, விளைச்சல் இரட்டிப்பாவதில்லை.

அடிப்பகுதி திறந்திருந்து, கீழே இருக்கும் தரையை ஒரு மண்வெட்டி ஆழத்துக்குக் கொத்தி இளக்கிவிட்டால், வேர்கள் சட்டத்தின் எல்லையோடு நிற்காமல் கீழேயும் இறங்கும். கீரை வகைகளுக்கு 15 முதல் 20 சென்டிமீட்டர் ஆழம் போதும். பீன்ஸ், மிளகாய், கத்தரி போன்றவற்றுக்கு 30 சென்டிமீட்டர் தாராளம். தக்காளியும் நீளமான கேரட்டும் இன்னும் ஆழம் கேட்டாலும், இளக்கிய தரை அந்தக் குறையை ஈடுசெய்துவிடும். குனிய முடியாத முதியவர்கள் அல்லது சக்கர நாற்காலியில் இருப்பவர்கள் தோட்ட வேலை செய்வதாக இருந்தாலோ, கீழே சிமெண்டுத் தளம் இருந்தாலோ மட்டுமே 60 சென்டிமீட்டருக்கு நியாயம் உண்டு.

உயரமான சட்டத்தில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. மண் பக்கவாட்டில் தள்ளும் விசை ஆழத்தோடு கூடிக்கொண்டே போவதால், உயரம் இரு மடங்கானால் பக்கச் சுவரின் மேல் வரும் மொத்தத் தள்ளுவிசை நான்கு மடங்காகிவிடும். மெல்லிய தகடு முதல் மழைக்காலத்திலேயே வயிறு தள்ளிக்கொண்டு நிற்பதற்கு இதுவே காரணம். எனவே தகட்டின் தடிமன் எத்தனை மில்லிமீட்டர், இரு நீளப் பக்கங்களையும் உள்ளே இணைத்துப் பிடிக்கும் குறுக்குக் கம்பிகள் எத்தனை என்ற இரண்டையும் கேளுங்கள். பதில் சொல்லத் தெரியாதவரிடம் உயரமான சட்டம் வாங்க வேண்டாம் என்பது என் கருத்து.

அகலம் 1.2 மீட்டர் என்பது சரியான அளவு. இருபுறமிருந்தும் கையை நீட்டினால் நடுப்பகுதி எட்டும். சுவரை ஒட்டிப் போடுவதாக இருந்தால் 60 முதல் 75 சென்டிமீட்டருக்கு மேல் வேண்டாம். பாத்திக்குள் காலை வைக்காமல் வேலை செய்வதுதான் மேட்டுப்பாத்தியின் முழுப் பயனும்; மிதிபடாத மண் இறுகாது. கடைசியாக, விற்பனைக்கு உதவாத ஒரு யோசனை: உங்கள் தரை மண் நன்றாக இருந்தால் சட்டமே தேவையில்லை. நடைபாதைக்காகத் தோண்டும் மண்ணை மட்கோடு சேர்த்து 15 அல்லது 20 சென்டிமீட்டர் உயரத்துக்கு மேடாகக் கூட்டி, ஓரங்களைச் சரிவாகத் தட்டிவிட்டாலே மேட்டுப்பாத்திதான்.

கேள்வி: பழைய இரயில் தண்டவாளக் கட்டைகளும், சரக்கு இறக்கும் பலகைத் தட்டுகளும் மலிவாகக் கிடைக்கின்றன. காய்கறிப் பாத்திக்கு அவற்றைப் பயன்படுத்துவது பாதுகாப்பானதா?

பதில்: தண்டவாளக் கட்டைகளைத் தவிர்த்துவிடுங்கள். பழைய கட்டைகள் பெரும்பாலும் கிரியோசோட் என்னும் தார் எண்ணெயில் ஊறவைக்கப்பட்டவை. வெயிலில் அந்த எண்ணெய் கசியும், தோலில் பட்டால் எரிச்சல் தரும், உணவுப்பயிருக்கு அருகில் இருக்கக் கூடாத சேர்மங்கள் அதில் உண்டு.

பலகைத் தட்டுகளின் பக்கவாட்டில் கோதுமைக் கதிர் போன்ற சின்னத்தோடு ஒரு முத்திரை சுடப்பட்டிருக்கும். பன்னாட்டுச் சரக்குகளுக்கான ஐ.எஸ்.பி.எம். 15 என்னும் விதியின்படி இடப்படும் முத்திரை அது. அதில் 'எச்.டி.' (HT) என்றிருந்தால் மரம் வெப்பத்தால் மட்டுமே பதப்படுத்தப்பட்டது என்று பொருள். 'எம்.பி.' (MB) என்றிருந்தால் மெத்தில் புரோமைடு என்னும் பூச்சிக்கொல்லி வாயு செலுத்தப்பட்டது, அதைத் தவிர்க்கலாம். ஆனால் அந்தத் தட்டின் மேல் முன்பு என்ன ஏற்றினார்கள், என்ன கொட்டியது என்பதை எந்த முத்திரையும் சொல்லாது. எண்ணெய்க் கறையோ இரசாயன வாடையோ இருந்தால் முத்திரை நன்றாக இருந்தாலும் வேண்டாம்.

பழைய கட்டடங்களை இடித்து எடுத்த மரத்தில் பெயிண்ட் ஒட்டிக்கொண்டிருந்தால் அதில் ஈயம் இருக்க வாய்ப்புண்டு. பச்சை நிறம் பாய்ந்த பழைய மரங்களில் தாமிரம், குரோமியம், ஆர்செனிக் மூன்றும் சேர்ந்த பதனப்பொருள் இருக்கலாம். அமெரிக்காவில் வீட்டுப் பயன்பாட்டு மரங்கள் பெரும்பாலானவற்றில் 2003-ஆம் ஆண்டின் முடிவோடு அதை நிறுத்திவிட்டார்கள். இன்று புதிதாக வரும் பதப்படுத்திய பலகைகளில் பெரும்பாலும் தாமிரச் சேர்மங்களே இருக்கின்றன. அவற்றுக்குச் சாதாரண இரும்பு ஆணி அடித்தால் விரைவில் அரித்துவிடும் என்பதால் துருப்பிடிக்காத எஃகுத் திருகாணிகளே பொருந்தும். துத்தநாகம் பூசிய தகட்டைப் பற்றிப் பலர் அஞ்சுகிறார்கள். மண் மிகுந்த அமிலத்தன்மை கொண்டதாக இல்லாதவரை கவலை வேண்டாம். துத்தநாகம் பயிருக்கே தேவைப்படும் நுண்சத்துத்தான்.

கேள்வி: பாத்தியை முழுவதும் மட்கு உரத்தாலேயே நிரப்பலாமா? ஒரு கடையில் கிலோ கணக்கிலும் மற்றொரு கடையில் லிட்டர் கணக்கிலும் விற்கிறார்கள். எதை நம்புவது?

பதில்: முதலில் எடையை மறந்துவிடுங்கள். பாத்தி என்பது ஒரு கொள்ளளவு; அதை லிட்டரால்தான் நிரப்ப முடியும். ஈரமான மட்கும் உலர்ந்த மட்கும் ஒரே அளவு மூட்டையில் மிகவும் வேறுபட்ட எடை காட்டும். கிலோ கணக்கில் வாங்கும்போது தண்ணீருக்கும் சேர்த்தே பணம் கொடுக்கிறீர்கள். மூட்டையைத் திறந்து பார்க்க அனுமதித்தால் ஒரு பிடி எடுத்து இறுக்கிப் பிழியுங்கள். விரல் இடுக்கில் ஓரிரு துளி எட்டிப் பார்த்தால் ஈரம் அளவானது. தண்ணீர் ஒழுகினால் மூட்டையை அங்கேயே வைத்துவிடுங்கள். காட்டு மண் வாசனை வர வேண்டும். மூக்கைத் துளைக்கும் அமோனியா நெடி வந்தால் அது இன்னும் முதிரவில்லை. அழுகிய முட்டை நாற்றம் வந்தால் காற்றில்லாமல் கிடந்து கெட்டிருக்கிறது.

முழுவதும் மட்காக நிரப்புவது பணத்தையும் பயிரையும் ஒருசேரப் பாதிக்கும். மட்கு தொடர்ந்து சிதைவதால் பாத்தி விரைவாகத் தாழும். மணிச்சத்து (பாஸ்பரஸ்) அளவுக்கு மீறிச் சேர்ந்து, இரும்பு, துத்தநாகம் போன்ற நுண்சத்துகளைச் செடி எடுக்கவிடாமல் தடுக்கவும் கூடும். இரண்டு பங்கு மேல்மண்ணுக்கு ஒரு பங்கு மட்கு என்பது நான் பரிந்துரைக்கும் விகிதம். 30 சென்டிமீட்டர் உயரமுள்ள 864 லிட்டர் பாத்திக்கு 576 லிட்டர் மண்ணும் 288 லிட்டர் மட்கும் தேவைப்படும். அதாவது மூட்டையாக வாங்க வேண்டியது ஆறு மூட்டை மட்கு மட்டுமே. மண்ணை வண்டிச் சுமையாக வாங்குவதே மலிவு. அடுத்தடுத்த ஆண்டுகளில் மேலே இரண்டு மூன்று சென்டிமீட்டர் மட்கு பரப்பினால் போதும். இந்தப் பாத்திக்கு அது இரண்டு மூட்டைக்குள் அடங்கும்.

தென்னை நார்க்கழிவுக் கட்டி வாங்கும்போது ஒரு செய்தியை நினைவில் வையுங்கள்: 5 கிலோ கட்டி தண்ணீரில் ஊறி ஏறத்தாழ 60 முதல் 75 லிட்டர் வரை உப்பும். ஆனால் அதில் சத்து ஏறக்குறைய இல்லை, உப்பு இருக்கலாம். கழுவி உப்பு நீக்கியதா என்று உறையில் பாருங்கள்; இல்லையென்றால் நல்ல தண்ணீரில் இரண்டு மூன்று முறை அலசிவிட்டுப் பயன்படுத்துங்கள்.

மேல்மண் என்ற பெயரில் என்ன வருகிறது என்பதுதான் எல்லாவற்றிலும் பெரிய கேள்வி. என் சொந்த அனுபவத்தில், நேரில் பார்க்காமல் தொலைபேசியில் சொல்லி வரவழைத்த ஒரு வண்டி மண்ணில் கோரைக் கிழங்குகள் மணி மணியாகக் கலந்து வந்தன. மூன்றாவது வாரம் பாத்தி முழுவதும் பச்சைப் பசேலென்று முளைத்தபோது, விதைத்தது எது, வந்தது எது என்று பிரித்தறிய முடியவில்லை. அதிலிருந்து, இறக்குமுன் ஒரு வாளி மாதிரி கேட்டு வாங்கிப் பார்ப்பதை வழக்கமாக வைத்திருக்கிறேன். கண்ணாடிக் குடுவையில் மூன்றில் ஒரு பங்கு மண்ணும் மீதி தண்ணீரும் ஊற்றிக் குலுக்கி வைத்தால், மணல் ஒரு நிமிடத்திலும் வண்டல் சில மணி நேரத்திலும் படியும். களி ஒரு நாளுக்கு மேலும் கலங்கியே நிற்கும். அடுக்குகளின் தடிமனே அந்த மண்ணின் ஜாதகம்.

தொழுவுரமோ அது கலந்த மட்கோ வாங்கினால் மற்றொரு சோதனையும் தேவை. புல்வெளிகளில் அகன்ற இலைக் களைகளுக்காகத் தெளிக்கப்படும் அமினோபைரலிட், குளோபைரலிட் போன்ற களைக்கொல்லிகள் மாட்டின் வயிற்றைக் கடந்து சாணத்தில் அப்படியே வந்து, மட்கும்போதும் எளிதில் சிதையாமல் தங்கிவிடும். பார்த்தோ முகர்ந்தோ இதைக் கண்டுபிடிக்க முடியாது. பீன்ஸ் விதைதான் கண்டுபிடிக்கும். மூன்று சிறு தொட்டிகளில் ஐயத்துக்குரிய உரத்தையும் நல்ல மண்ணையும் சரிபாதியாகக் கலந்து நிரப்புங்கள். வேறு மூன்றில் நல்ல மண்ணை மட்டும் நிரப்புங்கள். ஒவ்வொன்றிலும் மூன்று விதை ஊன்றி, வடியும் தண்ணீர் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் போகாதபடி தனித்தனித் தட்டுகளில் வையுங்கள். முதல் இரண்டு இலைகள் நன்றாகவே வரக்கூடும். அதைக் கண்டு ஏமாற வேண்டாம். மூன்று வாரம் கழித்து வரும் புதுத்தளிர் கரண்டிபோலக் குழிந்து, நரம்புகள் நெருங்கி, தண்டு முறுக்கிக்கொண்டு நின்றால், அந்த உரம் தக்காளி, பீன்ஸ், கேரட் எதற்கும் ஆகாது. ஆறு தொட்டிகளும் ஒரே மாதிரி செழித்தால் தயங்காமல் வாங்கலாம்.

கேள்வி: வடிகாலுக்காக அடியில் ஜல்லி போட வேண்டுமா? பிளாஸ்டிக் விரிப்பு?

பதில்: இரண்டும் வேண்டாம். நுண்ணிய மண்ணிலிருந்து பருத்த ஜல்லிக்குத் தண்ணீர் எளிதில் இறங்காது. மேல் மண் முழுவதும் ஊறிய பிறகே கீழே சொட்டும். ஆகவே ஜல்லி போடுவதால் ஈரம் தேங்கும் மட்டம்தான் வேரை நோக்கி உயர்கிறது. பிளாஸ்டிக் விரிப்பு வேரையும் மண்புழுவையும் தடுத்துவிடும். புல்லை அடக்க வேண்டுமானால், பளபளப்பு இல்லாத அட்டைப் பெட்டிகளை ஒட்டுநாடா நீக்கி விரித்து நனைத்தால் போதும். எலி, அகழெலித் தொல்லை உள்ள இடத்தில் மட்டும் 12 மில்லிமீட்டர் கண்ணுள்ள கம்பி வலையை அடியில் பரப்புங்கள். பிறகு அதைச் செய்ய வேண்டுமானால் பாத்தியையே காலி செய்ய நேரிடும்.

உயரமான பாத்தியின் அடியில் மரக்கட்டைகளைப் போட்டு மண் செலவைக் குறைக்கலாம். ஆனால் அவை மட்க மட்கப் பாத்தி தாழும். புதிய மரத்தூளை மட்டும் மேல்மண்ணோடு கலக்காதீர்கள். அதைச் சிதைக்கும் நுண்ணுயிர்கள் மண்ணிலுள்ள தழைச்சத்தை (நைட்ரஜனை) எடுத்துக்கொண்டு செடியை மஞ்சளாக்கிவிடும்.

கேள்வி: வண்டியில் மண் வரவழைக்கும்போது எதையெல்லாம் முன்கூட்டியே பேசிக்கொள்ள வேண்டும்?

பதில்: எங்கே கொட்டுவார்கள் என்பதை முதலில் கேளுங்கள். ஒரு கன மீட்டர் ஈரமண் ஒரு டன்னுக்கு மேல் எடையிருக்கும். வாசலில் கொட்டிவிட்டுப் போனால், 60 லிட்டர் கொள்ளும் தள்ளுவண்டியில் அதை உள்ளே சேர்க்கப் பதினேழு நடை நடக்க வேண்டும். இரசீதில் 'மண்' என்று மட்டும் எழுதாமல், எத்தனை கன மீட்டர், எந்த வகை, சலித்ததா என்பதையும் எழுதச் சொல்லுங்கள். மாதிரி வாளியிலிருந்து ஒரு குடுவை மண்ணைத் தேதியிட்டு எடுத்து வையுங்கள். வந்த சுமை அதற்கு மாறாக இருந்தால், பாத்தியில் சேர்ப்பதற்கு முன்பே படம் எடுத்து, அன்றைக்கே எழுத்து மூலம் தெரிவித்துவிடுங்கள். உங்கள் பழைய மண்ணோடு கலந்த பிறகு, கல்லும் கண்ணாடித் துண்டும் யாருடையவை என்று நிறுவுவது கடினம்.