பால் மட்டும் குடிக்கும் கன்று

கேள்வி: 6 வாரக் கன்று பாலை விரும்பிக் குடிக்கிறது, தீவனத்தைத் தொடுவதில்லை. பாலை நிறுத்திவிடலாமா?

பதில்: இப்போது வேண்டாம். மாட்டின் வயிற்றில் நான்கு அறைகள் உண்டு. குடிக்கும் பால் உணவுக்குழாய்ப் பள்ளம் (பால் குடிக்கும்போது குழாய் போல மூடிக்கொள்ளும் மடிப்பு) வழியே நேராக நான்காம் வயிற்றுக்குப் போய்விடும். தீவனத்தை நொதிக்க வைத்துச் செரிக்க வேண்டிய முதல் வயிறு வளராமலே கிடக்கும். அதன் உட்சுவரில் சத்தை உறிஞ்சும் மொட்டுகள் நீள பியூட்ரிக் அமிலம் தேவை. தானியத் தீவனத்தை நுண்ணுயிர்கள் நொதிக்க வைத்தால்தான் அது போதுமான அளவு ஊறும். வைக்கோல் வயிற்றை விரிக்கும், மொட்டுகளை அவ்வளவாக வளர்க்காது. தீவனத்தைப் பாலில் கரைத்துக் கொடுப்பவர்களும் உண்டு. வீண் வேலை, அதுவும் நான்காம் வயிற்றுக்கே போகும்.

முதலில், தனியாகத் தண்ணீர் வைக்கிறீர்களா? அது இல்லாமல் நொதித்தல் சரியாக நடக்காது, தீவனமும் இறங்காது. பால் குடித்த கையோடு ஒரு பிடி கன்றுத் தீவனத்தை வாயில் தடவுங்கள். எச்சில் பட்டுப் புளித்த மிச்சத்தைத் தினமும் கொட்டிவிடுங்கள். தொடர்ந்து 3 நாள், நாளுக்கு 1 கிலோ தின்ற பிறகு, பாலை ஒரு வாரத்தில் படிப்படியாகக் குறையுங்கள்.