உலை எரிந்த ஊர்கள்

கேள்வி: சோழமண்டலக் கடற்கரையில் கோட்டையும் தேவாலயமும் தவிரப் பாரம்பரியம் என்று சொல்ல என்ன இருக்கிறது? மீனும் உப்பும் அன்றி அந்த ஊர்களுக்கு வேறு தொழில் இருந்ததாகத் தெரியவில்லை. ஆலைகள் எல்லாம் இரயில் வந்தபின் உள்நாட்டு நகரங்களில் தோன்றியவைதாமே?

பதில்: இரயில் கணக்கை முதலில் தீர்த்துவிடுவோம். தென்னிந்தியாவின் முதல் பயணியர் இரயில் இராயபுரத்திலிருந்து புறப்பட்டது 1856இல். கிழக்கிந்தியக் கம்பெனிப் பணியிலிருந்து விலகிய ஜோசையா மார்ஷல் ஹீத் பரங்கிப்பேட்டையில் இரும்பாலை தொடங்கியதோ 1830இல். சேலம் பகுதித் தாதுவை வெள்ளாற்று முகத்துவாரத்துக்குக் கொண்டுவந்து, மரக்கரியால் உருக்கி, அங்கிருந்து இங்கிலாந்துக்குக் கப்பலேற்றினார்கள். பிரிட்டனின் வேல்ஸ் பகுதியில் மெனாய் நீரிணையின் மேல் 1850இல் திறக்கப்பட்ட பிரிட்டானியா பாலத்தில் பரங்கிப்பேட்டை இரும்பும் உண்டு. ஹீத்தை நாயகராக்குவது என் நோக்கமன்று. அவருக்கு வெகுகாலம் முன்பே சேலத்துச் சிற்றூர்களில் எஃகு உருக்கத் தெரிந்தவர்கள் இருந்தார்கள். கம்பெனி அரசு தந்த கடனும் தனியுரிமையும் இருந்தும் ஆலை நிலைக்கவில்லை. நிலக்கரியால் மலிவாக உருக்கப்பட்ட இங்கிலாந்து இரும்போடு விலையில் மோத முடியாமலும், காடு குறையக் குறைய விறகை மேலும் மேலும் தொலைவிலிருந்து தருவிக்க நேர்ந்ததாலும் அது நொடித்தது. தோற்ற தொழில் என்பதற்காக அதை வரலாற்றிலிருந்து நீக்கிவிட இயலாது.

இனி, நீங்கள் போற்றும் கோட்டைகள். அவற்றைக் கட்டியவர்கள் காற்று வாங்க வரவில்லை; இந்தக் கரையின் துணியை வாங்க வந்தார்கள். கடலோர மணற்பாங்கான நிலத்தில் விளையும் இம்பூறலின் வேர், அதாவது சாயவேர், தந்த சிவப்புக்கு அன்றைய தென்கிழக்காசியச் சந்தைகளில் இருந்த மதிப்பே பழவேற்காட்டில் டச்சுக்காரர்களையும் தரங்கம்பாடியில் டேனியர்களையும் நிறுத்தியது. பழவேற்காட்டில் டச்சுக்காரர்கள் வெடிமருந்து ஆலையும் நடத்தினார்கள் என்பதைச் சொல்லிவிட்டு நகர்கிறேன்.

தரங்கம்பாடியைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். 1706இல் அங்கு வந்திறங்கிய ஜெர்மானியச் சமயப் பணியாளர் சீகன்பால்கு 1715இல் தமிழ்ப் புதிய ஏற்பாட்டை அச்சிட்டு முடித்தது பலருக்குத் தெரியும். அதன் பின்னிருந்த பட்டறை வேலை தெரிவதில்லை. ஜெர்மனியின் ஹாலே நகரில் வார்த்து அனுப்பப்பட்ட தமிழ் எழுத்துகள் பெரியவையாக இருந்தமையால் தாள் மிகுதியாகச் செலவாயிற்று. தாளோ கப்பலில்தான் வரவேண்டும். ஆகவே சிறிய எழுத்துகளை இங்கேயே வார்த்தார்கள். அடுத்திருந்த பொறையாற்றில் தாள் ஆலையும் அமைத்தார்கள். எழுத்து வார்ப்பும் தாளும் அச்சும் ஒரே சுற்றுவட்டாரத்தில் கூடியிருந்த ஓர் ஊரைத் தேவாலயம் உள்ள ஊர் என்று மட்டும் எழுதிச் செல்வது, சுற்றுலாக் கையேடு எழுதுவோரின் சோம்பல். அதை நீங்களும் கடன்வாங்கியிருக்க வேண்டியதில்லை.