எட்டு வயது மகனிடம் அவன் பாட்டிக்குப் புற்றுநோய் என்பதை எப்படிச் சொல்வது? சொல்லாமலே இருந்துவிடலாமா?

சொல்லாமல் இருக்க முடியாது. தான் உள்ளே வந்ததும் பெரியவர்கள் பேச்சை நிறுத்துவது எட்டு வயதுப் பிள்ளைக்கு நன்றாகவே தெரியும். ஆஸ்பத்திரி அலைச்சல், அம்மாவின் சிவந்த கண், போனில் கிசுகிசுப்பு எல்லாவற்றையும் சேர்த்து அவன் ஏற்கனவே ஒரு கணக்குப் போட்டிருப்பான். அது நிஜத்தைவிட மோசமான கணக்காகவும் இருக்கலாம். அதனால் விளக்கத்தில் இறங்குவதற்கு முன் அவனையே கேளுங்கள்: "பாட்டிக்கு என்ன ஆச்சுன்னு நீ நினைக்கிற?"

என் மாமியாருக்கு இதே நோய் வந்தபோது மகளிடம் இப்படித்தான் கேட்டோம். "நான் பாட்டி மடியில ஏறிக் குதிச்சேன்ல, அதனாலதான்" என்றாள். பல நாளாக அதை மனசுக்குள் வைத்திருந்திருக்கிறாள். நாங்கள் பாட்டுக்குக் கட்டி, ஆபரேஷன் என்று பாடம் எடுத்திருந்தால் அது வெளியே வந்தே இருக்காது. எனவே உங்கள் மகன் கேட்டாலும் கேட்காவிட்டாலும் இரண்டைச் சொல்லிவிடுங்கள்: இது உன்னால் வரவில்லை, தொட்டாலும் கட்டிப்பிடித்தாலும் உனக்கு ஒட்டாது.

நோயின் பெயரைச் சொல்லுங்கள். "பாட்டிக்கு உடம்பு சரியில்லை" என்று மட்டும் சொன்னால், அடுத்த வாரம் உங்களுக்குச் சாதாரணக் காய்ச்சல் வந்தாலும் அவன் நடுங்குவான். செசமி ஸ்ட்ரீட் என்ற அமெரிக்கக் குழந்தைகள் நிகழ்ச்சியில் கடைக்காரர் ஹூப்பராக நடித்தவர் 1982 டிசம்பரில் இறந்துபோனார். வேறு நடிகரைப் போட்டோ, அவர் வெளியூர் போய்விட்டதாகச் சொல்லியோ சமாளித்திருக்கலாம். 1983 நவம்பரில் அவர்கள் நேராகவே சொன்னார்கள்: அவர் இறந்துவிட்டார், திரும்பி வரமாட்டார். வயதானதால், நோயால் என்று காரணம் சொல்வதை வேண்டுமென்றே தவிர்த்தார்கள். வீட்டில் யாருக்கு உடம்பு சரியில்லாமல் போனாலும் பிள்ளைகள் பயந்துவிடக்கூடாது என்பதுதான் யோசனை. உங்கள் வீட்டில் நோய் கண்முன்னே இருக்கிறது, மறைக்க வழியில்லை. பெயரைச் சொன்னால்தான் அது காய்ச்சலிலிருந்தும் சளியிலிருந்தும் பிரிந்து தனியாக நிற்கும்.

அடுத்தது, இனி என்னென்ன மாறும் என்பது. பிள்ளைகளுக்கு நோயின் விவரத்தைவிட இதுதான் முக்கியம். கீமோ எனும் புற்றுநோய் மருந்துச் சிகிச்சை கொடுப்பதாக இருந்தால், அந்த மருந்து வேகமாகப் பெருகும் செல்களைத் தாக்கும்; முடியின் வேரில் இருப்பவையும் அப்படிப்பட்ட செல்கள்தான். அதனால் முடி கொட்டலாம், பெரும்பாலும் திரும்ப வளர்ந்துவிடும் என்று முன்கூட்டியே சொல்லிவையுங்கள். பாட்டி சோர்ந்து படுத்திருப்பார், அது அவன்மேல் கோபத்தால் இல்லை. நீங்கள் ஆஸ்பத்திரியில் இருக்கும் நாட்களில் ஸ்கூலிலிருந்து யார் கூட்டி வருவார், இரவு யார் பக்கத்தில் படுப்பார்? பெரியவர்களுக்கு இது அற்பமாகத் தோன்றும். அவனுக்கு அதுதான் உலகம். இன்னொன்று: அவனுக்குச் சளி, காய்ச்சல் இருந்தால் பாட்டியை விட்டுத் தள்ளி இருக்கச் சொல்லவேண்டியிருக்கும், சிகிச்சையில் அவருடைய எதிர்ப்புச் சக்தி குறைந்திருக்கும் என்பதால். "உன்னால பாட்டிக்கு ஆபத்து" என்ற தொனி மட்டும் வந்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

"பாட்டி செத்துப்போயிடுவாங்களா?" என்று கேட்பான். இந்த வயதில் செத்தவர் திரும்பமாட்டார் என்பது பெரும்பாலான பிள்ளைகளுக்குப் புரியும், எனவே மழுப்பினால் கண்டுபிடித்துவிடுவான். "சத்தியமா ஒண்ணும் ஆகாது" என்று சொல்லாதீர்கள். உங்கள் கையில் இல்லாத ஒன்றுக்குச் சத்தியம் செய்து, நாளை அது பொய்த்தால், அதற்குப் பிறகு நீங்கள் சொல்லும் எதையும் அவன் நம்பமாட்டான். "டாக்டருங்க முயற்சி பண்றாங்க. இப்போதைக்குப் பாட்டி நம்மகூட இருக்காங்க. ஏதாவது மாறினா உனக்கு மறைக்காம சொல்றேன்" என்பது போதும். அந்த வாக்கைக் காப்பாற்றத்தான் நிஜமாகவே தைரியம் வேண்டும். பேசும்போது அழுகை வந்தால் அழலாம், தப்பில்லை. ஏன் அழுகிறீர்கள் என்று மட்டும் சொல்லிவிடுங்கள்.

எதிரெதிரே உட்காரவைத்து, "உன்கிட்ட ஒரு முக்கியமான விஷயம் பேசணும்" என்று ஆரம்பிக்கவேண்டாம். நடந்து போகும்போது, துணி மடிக்கும்போது, வண்டியில் போகும்போது எடுங்கள். முகத்தைப் பார்க்காமல் பேசுவது பையன்களுக்கு எளிதாக இருக்கிறது. இரண்டு நிமிடம் கேட்டுவிட்டு விளையாட ஓடினால் அக்கறையில்லை என்று அர்த்தமில்லை. நாலு நாள் கழித்துத் திடீரென்று வந்து அதே கேள்வியைக் கேட்பான். அதே பதிலை அதே சொற்களில் சொல்லுங்கள்.

வீட்டில் மற்றவர்களிடமும் பேசி வையுங்கள். நீங்கள் ஒன்று சொல்ல, அவன் அத்தை இன்னொன்று சொன்னால் எல்லாம் வீண். எவ்வளவு சொல்லலாம் என்று பாட்டியையும் கேளுங்கள், நோய் அவருடையது. கிளாஸ் டீச்சருக்கு ஒரு வார்த்தை சொன்னால், அவன் திடீரென்று வகுப்பில் கோபப்பட்டால் அவருக்குக் காரணம் தெரியும். வாரக்கணக்கில் தூங்காமல், சரியாகச் சாப்பிடாமல், ஸ்கூலுக்குப் போக மறுத்தால் குழந்தைகள் மனநல மருத்துவரிடம் கூட்டிப் போங்கள்.